பத்து விரல்களின் வாசிப்பு: லிஸ்ட்டும் ஓபரா ஃபேண்டசியும்

1

தமிழில் 'வாசிப்பு' என்கிற சொல்லுக்கு இரண்டு வேலை. புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். 'பிரதியை வாசித்தல்', 'மறுவாசிப்பு' என்றெல்லாம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் எழுதி எழுதி முதல் அர்த்தம் தேய்ந்துபோகிற அளவுக்குப் புழங்கியாகிவிட்டது. இரண்டாவது அர்த்தம் கச்சேரி விமர்சனத்தோடு நின்றுவிட்டது. இரண்டும் ஒரே செயலாக ஆகிற இடம் உண்டா என்று கேட்டால், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஓர் இசை வடிவத்தைக் காட்டலாம். இசை வரலாற்று ஆசிரியர்கள் பலரும் முகம் சுளித்துக்கொண்டே குறிப்பிட்டுவந்த வடிவம் அது: ஓபரா ஃபேண்டசி.

விஷயம் எளிமையானது. ஜனங்களிடையே பிரபலமாகிவிட்ட ஓர் ஓபராவிலிருந்து நாலைந்து மெட்டுகளை எடுத்து, தொடுத்து, விரித்து, உருமாற்றி, ஒரே ஆள் ஒரே பியானோவில் வாசிக்கிற மாதிரி பத்துப் பதினைந்து நிமிட உருப்படியாக எழுதுவது. குரல்கள் இல்லை, வாத்தியக் குழு இல்லை, உடை, திரைச்சீலை, வசனம் எதுவும் இல்லை. இரண்டு கை, எண்பது சொச்சம் கட்டைகள், காலுக்கடியில் பெடல்.

இதன்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகள் இரண்டு. ஒன்று, மெட்டு இரவல். ஆகவே இது 'படைப்பு' ஆகாது. இரண்டு, இது விரல் ஜாலம். வாசிப்பவர் வித்வான் அல்ல, வித்தைக்காரர். வித்வான், வித்தைக்காரன் என்ற இரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவைதான். ஒன்றை மேடையிலும் மற்றதைத் தெருவிலும் நிறுத்தியது யார் என்பது தனியாக விசாரிக்க வேண்டிய சங்கதி. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் நல்ல ஃபேண்டசிகள் மூல ஓபராவின் நகலோ சுருக்கமோ இல்லை, மூலப் பிரதியின் வரிசையை மீறி அதைப் பற்றி ஒரு கருத்துச் சொல்லும் விமர்சன வாசிப்புகள். அப்படி வாசிக்கும் உரிமையை இசை உலகம் பின்னால் ஏன் கைவிட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

2

முதலில் பௌதிக நிலைமைகள். எடிசனின் ஃபோனோகிராஃப் வந்தது 1877இல். அதற்கு முன்னால் ஓர் ஓபராவைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் திரும்ப அரங்குக்குத்தான் போக வேண்டும். பெரிய நகரமும் கையில் காசும் இல்லாதவர்களுக்கு ஓபரா வந்து சேர்ந்தது அச்சடித்த பியானோத் தாள்கள் வழியாகத்தான். மத்தியதர வர்க்க வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ, அதில் பாடம் கற்றுக்கொள்ளும் மகள், அவளுக்காகப் பதிப்பாளர் அச்சிட்டுத் தள்ளும் எளிய ஏற்பாடுகள் என்று ஒரு முழுச் சந்தை உருவாகியிருந்தது. ஒரு ஓபரா வெற்றி பெற்ற கையோடு அதன் மெட்டுகளில் மாறுபாடுகள், நடனங்கள், ஃபேண்டசிகள் எல்லாம் கடைக்கு வந்துவிடும். ஆன்றி ஹெர்ட்ஸ், ஃபிரான்ஸ் ஹ்யூண்டன் போன்றவர்கள் இதிலேயே செழித்தார்கள். இவற்றில் பெரும்பகுதி சரக்குதான் என்பதில் சந்தேகமில்லை. 1834இல் தொடங்கிய தனது இசைப் பத்திரிகையில் ராபர்ட் ஷூமன் இந்தச் சரக்கின் மீதுதான் போர் தொடுத்தார்.

இன்னொரு பக்கம் வாத்தியமே மாறிக்கொண்டிருந்தது. 1821இல் செபஸ்தியான் எரார் பதிவுசெய்த 'இரட்டை விடுப்பு' என்கிற பொறியமைப்பில், அழுத்திய கட்டை முழுக்க மேலே எழும்பி வருவதற்கு முன்பே மறுபடி அடிக்கலாம். சுத்தியல் தயாராக நிற்கும். ஒரே ஸ்வரத்தைப் படபடவென்று திரும்ப அடிப்பது சாத்தியமானது. இரண்டு வருஷம் கழித்து, 1823இல், பன்னிரண்டு வயதுப் பையனாகப் பாரிஸ் வந்துசேர்ந்த லிஸ்ட் எரார் கம்பெனியின் பியானோக்களோடுதான் வளர்கிறார். 'அசுர சாதகம்' என்று வியப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அந்த அசுரத்தனத்தில் ஒரு பங்கு மரத்தாலும் கம்பியாலும் தோலாலும் ஆனது.

3

1837 மார்ச் 31. பாரிஸில் இளவரசி கிறிஸ்டினா பெல்ஜியோயோசோவின் மாளிகை. ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராக நின்றதால் மிலானை விட்டு வெளியேறியவர் அவர். இத்தாலிய அகதிகளுக்கு நிதி திரட்ட அவர் நடத்திய கச்சேரிக்கு அனுமதிச் சீட்டு 40 ஃபிராங்க். லிஸ்ட்டும் ஜிகிஸ்மண்ட் தால்பெர்க்கும் ஒரே மேடையில். அந்த ஜனவரியில்தான் தால்பெர்க்கின் இசையைக் கடுமையாகத் தாக்கி லிஸ்ட் பத்திரிகையில் எழுதியிருந்தார். விமர்சகர் ஃபெத்தி தால்பெர்க் பக்கம் நின்று பதில் சொன்னார். ஆக, ஊர் முழுக்க இதை 'மோதல்' என்றே பேசியது.

தால்பெர்க் வாசித்தது ரோசினியின் 'எகிப்தில் மோசே' ஓபராவை ஒட்டிய ஃபேண்டசி. லிஸ்ட் எடுத்துக்கொண்டது பாச்சினியின் 'நியோபே'. யார் ஜெயித்தார் என்பதற்கு இளவரசி சொன்னதாக வழங்கிவரும் பதில் சாமர்த்தியமானது: தால்பெர்க் உலகத்தில் முதல்வர், லிஸ்ட்டோ ஒரே ஒருவர். யாரையும் நோகடிக்காமல் நிதி திரட்டத் தெரிந்த பெண்மணி!

மோதலை விட்டுவிட்டுக் கைகளைப் பார்ப்போம். தால்பெர்க்கின் உத்தி 'மூன்று கை' என்று பேர் பெற்றது. மெட்டு பியானோவின் நடுப்பகுதியில் ஓடும். இரண்டு கட்டைவிரல்களும் மாறி மாறி அதை வாங்கிக்கொள்ளும். மீதி விரல்கள் மேலும் கீழும் ஸ்வரக் கோவைகளை அலை அலையாக எழுப்பும். கையெடுத்த பிறகும் ஒலி நீள்வதற்குப் பெடல். கண்ணை மூடிக் கேட்டால் நடுவில் ஒருவர் பாட, இருபுறமும் இருவர் வாசிப்பதுபோலிருக்கும். இதை வெறும் தந்திரம் என்று தள்ளுவது எளிது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஓபராவில் பாடகி, வாத்தியக் குழு, கூட்டுப் பாடகர்கள் என்று பிரிந்துகிடக்கும் அதிகார அடுக்கு இங்கே ஒரே உடலுக்குள் வந்துவிடுகிறது. பாடுபவளும் அவளைச் சூழ்ந்த உலகமும் ஒரே ஆளின் வெவ்வேறு விரல்கள்.

இதே நிகழ்ச்சிக்காக இளவரசி இன்னொரு காரியமும் ஏற்பாடு செய்திருந்தார். 1835இல் பாரிஸில் அரங்கேறிய பெல்லினியின் 'பியூரிட்டன்கள்' ஓபராவிலுள்ள அணிவகுப்புப் பாட்டை எடுத்து ஆறு பேர் ஆளுக்கொரு மாறுபாடு எழுத வேண்டும். லிஸ்ட், தால்பெர்க், பிக்ஸிஸ், ஹெர்ட்ஸ், செர்னி, ஷோபன். 'ஹெக்ஸாமெரோன்' எனப்படும் இந்தக் கூட்டுப் படைப்பு அந்தத் தேதிக்குத் தயாராகவில்லை, பின்னால் முடிந்தது. முன்னுரை, இடைப்பகுதிகள், முடிவு எல்லாம் லிஸ்ட். ஐந்து பேர் முழங்கி ஓய்ந்த பிறகு ஷோபனின் ஆறாவது மாறுபாடு மெல்ல, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக வருகிறது.

ஏன் குறிப்பாக அந்தப் பாட்டு? அது சுதந்திரத்துக்காகச் சாகத் துணியும் இருவரின் பாட்டு. 'சுதந்திரம்' என்ற சொல்லை இத்தாலியத் தணிக்கை சகித்துக்கொள்ளவில்லை; அந்நாட்டு மேடைகளில் அதே இடத்தில் 'விசுவாசம்' என்று மாற்றிப் பாட வேண்டியிருந்தது. இத்தாலிய மொழியில் இரண்டுக்கும் ஓசை கிட்டத்தட்ட ஒன்றுதான். பியானோவுக்கு வந்ததும் இந்தப் பிரச்சினையே மறைந்துவிடுகிறது. சொல் இல்லாத மெட்டில் தணிக்கையாளன் எதை அடிப்பான்? பாட்டைத் தெரிந்தவர்கள் தங்கள் மனசுக்குள் சரியான சொல்லைப் போட்டுக்கொள்வார்கள். சொற்களை உதிர்ப்பது ஃபேண்டசியின் குறை என்று சொல்லப்படுகிறது. இங்கே அந்தக் குறையே பாதுகாப்பாகவும் வேலை செய்கிறது.

4

'நோர்மா'வை எடுத்துக்கொள்வோம். பெல்லினியின் இந்த ஓபரா 1831இல் மிலானில் அரங்கேறியது; லிஸ்ட்டின் 'நோர்மா நினைவுகள்' 1841இல் எழுதப்பட்டது, மரீ ப்ளேயெல் என்ற பியானோ வித்வாம்சினிக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. கதை இது. ரோமாபுரியின் ஆதிக்கத்தில் கிடக்கும் கால் தேசம். பூசாரிணி நோர்மா எப்போது சொல்வாள், எப்போது யுத்தம் தொடங்கலாம் என்று ஜனங்கள் காத்திருக்கிறார்கள். அவளோ ரோமானிய அதிகாரியைக் காதலித்து இரகசியமாக இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகியிருக்கிறாள். அவன் இன்னொரு இளம் பூசாரிணியிடம் மனதைப் பறிகொடுக்கிறான். நோர்மா யுத்த முழக்கம் எழுப்புகிறாள். பிறகு துரோகி நான்தான் என்று சபை முன்னால் சொல்லிவிட்டு, குழந்தைகளைத் தகப்பனாரிடம் ஒப்படைத்துச் சிதைக்குப் போகிறாள்.

இந்த ஓபராவில் எல்லோருக்கும் தெரிந்த பாட்டு நிலாவை நோக்கி நோர்மா பாடும் பிரார்த்தனை. விலை போகிற ஃபேண்டசி எழுத வேண்டுமானால் எந்த முட்டாளும் அதிலிருந்துதான் தொடங்குவான். லிஸ்ட் அதைத் தொடவே இல்லை. இரண்டு பெண்களும் சேர்ந்து பாடும் பிரபலமான ஜோடிப் பாட்டும் இல்லை. அவர் எடுத்தது முதல் அங்கத்தில் பூசாரிக் கூட்டமும் தலைமைப் பூசாரியான தகப்பனாரும் பாடுபவை. பிறகு கடைசி அங்கத்தில் நோர்மா காதலனைக் குற்றம் சாட்டுவது, தகப்பனாரிடம் குழந்தைகளுக்காக மன்றாடுவது. இவற்றோடு யுத்த முழக்கம். முக்கோணக் காதல் என்ற எலும்புக்கூடு அப்படியே உருவப்பட்டுவிட்டது. மிஞ்சுவது இரண்டே தரப்பு. ஒரு பக்கம் அவளிடம் எதிர்பார்ப்பை ஏற்றிவைத்திருக்கும் சமூகம், இன்னொரு பக்கம் அந்த எதிர்பார்ப்பின்கீழ் நசுங்கும் ஒரு பெண்.

அவளுடைய மெட்டை நடுவில் வைத்து, மேலேயும் கீழேயும் ஒலிகளால் சூழ்ந்து வாசிக்கும் இடத்தில் லிஸ்ட் கையாள்வது தால்பெர்க்கின் அதே மூன்று கை உத்தி. தாக்கி எழுதியவனிடமிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறார். தால்பெர்க்கிடம் அலங்காரமாக இருந்தது இங்கே அர்த்தமாகிறது: குரல் நடுவில் அகப்பட்டுக்கொண்டிருக்கிறது. முடிவில் முதல் அங்கத்துக் கூட்டத்தின் மெட்டும் கடைசி அங்கத்து மகளின் மெட்டும் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஓபராவில் இவை ஒரு மாலைப் பொழுது இடைவெளியில் இருப்பவை. ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பெல்லினி அடுத்தடுத்துச் சொன்னதை லிஸ்ட் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டுகிறார். அவளைக் கொன்றது ஆரம்பத்திலேயே ஒலித்த அந்தக் காத்திருப்புதான் என்று இந்த இடத்தை வாசிக்கலாம். நல்ல விமர்சகன் செய்வது வேறென்ன?

5

'டான் ஜுவான் நினைவுகள்' இன்னும் சிக்கலானது. மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி' 1787இல் பிராகாவில் அரங்கேறியது. லிஸ்ட் எழுதியது 1841, அச்சேறியது 1843. மூன்றே தூண்கள்: கல்லறையில் பேசும் கொமெந்தாத்தோரேயின் சிலை, கல்யாணக் கோலத்திலிருக்கும் கிராமத்துப் பெண்ணை டான் ஜுவான் மயக்கும் ஜோடிப் பாட்டு, விருந்துக்கு ஆள் சேர்க்கச் சொல்லி அவன் மூச்சு விடாமல் பாடும் 'ஷாம்பெய்ன் பாட்டு'.

ஓபராவின் வரிசைப்படி மயக்கம் முதலில், கொண்டாட்டம் பிறகு, கல்லறை கடைசியில். குற்றம், பிறகு தண்டனை. லிஸ்ட் சிலையை முதலில் பேச வைக்கிறார். மோட்சார்ட்டே தனது முன்னிசையைச் சிலைக்குரிய பயங்கரமான ஒலிகளோடுதான் தொடங்கியிருந்தார் என்பதை மறக்கக் கூடாது. லிஸ்ட் பிரதிக்குள் ஏற்கெனவே இருந்த ஒரு குறிப்பைப் பிடித்து இழுக்கிறார். தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டதால், அடுத்து வரும் ஜோடிப் பாட்டை நாம் வெகுளியாகக் கேட்க முடியாது. கீழ்ப்பகுதியில் அவன் குரல், மேலே அவள் குரல் என்று தொடங்குவது மாறுபாடுகள் ஏற ஏற ஒன்றோடொன்று பின்னி, யார் யாரை மயக்குகிறார்கள் என்று தெரியாமல் போகிறது. கடைசியில் ஷாம்பெய்ன் பாட்டின் தலைதெறிக்கிற ஓட்டத்துக்குள்ளேயே சிலையின் நிழல் வந்து விழுகிறது. கொண்டாட்டமும் சாவும் இங்கே எதிரெதிர்த் துருவங்களாக இல்லை. ஒன்றின் வேகம் மற்றதிலிருந்து வருகிறது.

அதே 1843இல் கோபன்ஹேகனில் கீர்க்கேகார்ட் தனது 'அல்லது/அல்லது' நூலில் இதே ஓபராவைப் பற்றி நீளமாக எழுதினார். டான் ஜுவானின் சிற்றின்ப வேகத்தை மொழியால் பிடிக்க முடியாது, இசை ஒன்றே அதன் ஊடகம் என்பது அவருடைய வாதம். தத்துவவாதி சொற்களால் மல்லுக்கட்டிய அதே பிரதியைப் பியானோக்காரர் சொற்களே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தார். சார்ல்ஸ் ரோசன் 1995இல் வெளியான 'ரொமாண்டிக் தலைமுறை' நூலில் இந்த ஃபேண்டசியைச் சுயசித்திரமாகவும் பார்க்கிறார்: காதல் சாகசங்களுக்குப் பேர்போன லிஸ்ட் டான் ஜுவானை வாசித்தால் சபை யாரைப் பார்க்கும் என்பது லிஸ்ட்டுக்குத் தெரியாதா என்ன? சுயசித்திரம்தான் என்றால், அதைத் தன்னைக் கண்டிக்கும் சிலையிலிருந்து தொடங்கியிருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

6

சரி, இதெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் இது துதிபாடலாகிவிடும்.

1841 ஏப்ரல் 25. பாரிஸ் கான்சர்வத்வார் அரங்கு. பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை வைக்க நிதி திரட்டும் கச்சேரி. நிகழ்ச்சி முழுக்கப் பீத்தோவன், நடத்துபவர் பெர்லியோஸ். நடுவில் கூட்டம் கத்தத் தொடங்குகிறது. அவர்களுக்கு வேண்டியது மேயர்பேரின் 'ராபர்ட் என்னும் பிசாசு' ஓபராவின்மேல் லிஸ்ட் எழுதிய ஃபேண்டசி. லிஸ்ட் எரிச்சலோடு அதை வாசித்துத் தீர்க்கிறார். அரங்கில் இருந்த இளம் வாக்னர் ஜெர்மன் பத்திரிகைக்குக் கிண்டலாக எழுதினார்: ஒரு நாள் சொர்க்கத்திலும் தேவதைகள் கூடி லிஸ்ட்டிடம் பிசாசு ஃபேண்டசியைத்தான் கேட்கப்போகிறார்கள் என்கிற ரீதியில். அந்த நாட்களில் வாக்னர் பாரிஸில் பிழைப்புக்காக டோனிசெத்தியின் ஓபராவைப் பியானோவுக்கும் மற்ற வாத்தியங்களுக்கும் ஏற்பாடு செய்து கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது உபரித் தகவல்.

மறுவாசிப்பு எல்லாமே விடுதலை என்று நம்புகிறவர்களுக்கு இந்தச் சம்பவம் பாடம். சந்தையும் மறுவாசிப்புச் செய்யும், வாசிப்பவனையே சரக்காக்கும். 1840 ஜூனில் லண்டனில் லிஸ்ட் தனி ஒருவராக நடத்திய கச்சேரிகளுக்குத்தான் 'ரிசைட்டல்' என்கிற சொல் முதன்முதலில் விளம்பரத்தில் வந்தது. மேடையில் மற்ற எல்லோரையும் அகற்றிவிட்டு ஓர் உடல் மட்டும் நிற்கும் ஏற்பாடு. 1844இல் ஹைனே இந்த வெறிக்கு லிஸ்ட்டின் பேரையே வைத்தார். ரோலான் பார்த் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் கேட்பதற்கான இசை, வாசிப்பதற்கான இசை என்று இரண்டாகப் பிரித்து, வீட்டில் சாதாரண மனிதர்கள் தங்கள் கைகளால் அறிந்த இரண்டாவது வகை அழிந்துவிட்டது என்கிறார். அந்த அழிவில் லிஸ்ட்டுக்கும் பங்கு உண்டு. 'டான் ஜுவான்' ஃபேண்டசியை வீட்டுக் கூடத்தில் யார் வாசிக்க முடியும்? எல்லோரும் செய்துகொண்டிருந்த வாசிப்பை ஒருவர் செய்ய, மற்றவர்கள் காசு கொடுத்து வேடிக்கை பார்க்கிற நிலை. லிஸ்ட்டுக்கே இது புரிந்திருக்க வேண்டும். 1847 செப்டம்பரில், 35 வயதில், உக்ரைனின் எலிசவெத்கிராத் நகரத்தோடு காசுக்கு வாசிப்பதை நிறுத்திக்கொண்டார். ஃபேண்டசி எழுதுவதை நிறுத்தவில்லை. வெர்தியின் 'ரிகொலெத்தோ'விலுள்ள நால்வர் பாட்டை 1859இல் எழுதினார். வாக்னரின் 'இசோல்டேயின் மரணம்' 1867இல்.

7

பிறகு ஏன் இவை ஓரங்கட்டப்பட்டன? வெறும் ரசனை மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. லிடியா கோயர் 1992இல் வெளியிட்ட நூலில் சொல்வதுபோல, சுமார் 1800 தொடங்கி 'இசைப் படைப்பு' என்பது முடிந்துபோன, தொடக்கூடாத பொருளாக, அருங்காட்சியகத்தில் வைக்கத் தகுந்ததாகக் கட்டமைக்கப்பட்டது. ஆசிரியன் எழுதியதை அட்சரம் பிசகாமல் வாசிப்பதே வாசிப்பவனின் தர்மம் என்றானது. இந்தச் சட்டகத்தில் ஃபேண்டசி எழுதுபவன் திருடன்.

1907இல் ஃபெருச்சியோ பூசோனி இதை நேரடியாக எதிர்த்தார். எழுதப்பட்ட ஸ்வரக் குறிப்பே ஒரு பெயர்ப்புதான். மனதில் தோன்றியது தாளில் இறங்கும்போதே பெயர்ந்துவிட்டது. ஆகவே மூலம் என்பதே ஏற்கெனவே ஒரு பிரதி. இப்படிச் சொன்னவர் 1918இல் 'டான் ஜுவான் நினைவுக'ளுக்கு விமர்சனப் பதிப்பு ஒன்றையும் கொண்டுவந்தார். 'ஆசிரியனின் மரணம்' பிரான்சில் அறிவிக்கப்பட அரை நூற்றாண்டு பாக்கி இருந்தது.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. லெஸ்லி ஹவர்ட் 1985 முதல் 1999 வரை லிஸ்ட்டின் பியானோ இசை முழுவதையும் ஒலிப்பதிவு செய்தபோது ஃபேண்டசிகளும் சமமாக இடம்பெற்றன. கச்சேரிகளில் மறுபடி கேட்கின்றன. ஆனால் எப்படிக் கேட்கின்றன? லிஸ்ட் எழுதியதை ஒரு புள்ளி பிசகாமல். மோட்சார்ட்டை மீறி எழுதப்பட்ட தாளே இப்போது மீறக்கூடாத மூலமாகிவிட்டது. அருங்காட்சியகம் திருடனுக்கும் ஒரு கண்ணாடிப் பேழை ஒதுக்கிவிட்டது.

லிஸ்ட்டை மீட்டெடுத்துவிட்டோம் என்று சொல்வதில் அர்த்தமில்லை. அவர் செய்த காரியத்தை, அதாவது ஒரு பிரதியின் வரிசையைக் கலைத்து, பிரபலமானதை விட்டு, சந்திக்காதவற்றைச் சந்திக்க வைத்து, 'நான் இதை இப்படித்தான் வாசித்தேன்' என்று தன் கைகளால் பொறுப்பேற்பதை, இன்று யார் செய்கிறார்கள் என்பதே கேள்வி. இந்தக் கேள்வி பியானோக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. பேனா பிடித்து 'வாசிப்பு' என்று எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.